மாங்கேணியிலிருந்து பின்னுக்கு வந்த கார்

வாழைச்சேனையில் யோகராசாவின் கராஜுக்கு வாகனங்கள் எத்தனையோ விதமாக வந்து சேர்ந்திருக்கின்றன. தள்ளிக்கொண்டு வந்திருக்கிறார்கள். கயிறு கட்டி இழுத்து வந்திருக்கிறார்கள். ஒருமுறை மோட்டார்சைக்கிள் ஒன்றை மாட்டு வண்டியில் ஏற்றி வந்து இறக்கினார்கள். அதற்கெல்லாம் அசையாத மனிதர் யோகராசா. அன்று மத்தியானம் வந்த காரைக் கண்டுதான் அவர் அசந்துபோனார்.

முதலில் கேட்டது சத்தம்தான். ஆட்டோக்களின் ஹோர்ன், மோட்டார்சைக்கிள்களின் இரைச்சல், இடையிடையே சீட்டியொலி. யாரோ வீட்டுக் கலியாணம் போலிருக்கிறது என்று நினைத்து, கையை ஒரு பழைய துணியில் துடைத்தபடி கேற்றடிக்கு வந்தார். வந்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

வெள்ளைக் கார் ஒன்று வீதியால் பின்பக்கத்தைக் காட்டிக்கொண்டு வந்துகொண்டிருந்தது. நாலு விளக்கும் மின்ன, தன் பக்கத்தை விட்டு அங்கே இங்கே விலகாமல், ஒரே சீராக வந்தது. புகை மட்டும் நீலமாகக் கிளம்பிக்கொண்டிருந்தது. மற்ற வாகனங்களெல்லாம் அதற்குப் பின்னால், அதாவது காரின் முகத்துக்கு முன்னால், மெல்ல மெல்ல ஊர்ந்து வந்தன. முந்திப்போக இடமிருந்தும் ஒருவரும் முந்தவில்லை. இப்படியொரு காட்சியை விட்டுவிட்டு யார் முந்திப் போவார்கள்?

கேற்றுக்கு நேரே வந்ததும் கார் நின்றது. சாரதி ஆசனத்தில் உடம்பை முழுதாகத் திருப்பி, இடது கையைப் பக்கத்து ஆசனத்தின் முதுகில் போட்டு, பின்கண்ணாடியைப் பார்த்தபடி இருந்தவள் உம்மு குல்தூம்.

"கேற்ற முழுசாத் திறங்க யோகண்ணன்" என்றாள். "உள்ளுக்கு வாறன்."

"என்ன தங்கச்சி இது? கிறுக்கித் திருப்பி எடுத்து நேரா வாறதுக்கென்ன?"

"முன்னுக்குப் போகுதில்ல. பின்னுக்கு மட்டுந்தான் ஓடுது."

"எங்க இருந்து வாறாய்?"

"மாங்கேணி."

யோகராசா கேற்றைத் திறக்க மறந்துபோனார். மாங்கேணி என்ன பக்கத்து ஒழுங்கையா? ஓட்டமாவடிக்கு அங்கால, நாவலடிச் சந்தியில் திருகோணமலை வீதிக்கு ஏறி, காயான்கேணியையும் கடந்து போகவேண்டும். ஒரு பக்கம் பற்றைக்காடு, மறுபக்கம் தோணா என்கிற கடலோர நீரோடையும் உப்புக்காற்றும். முன்னால் பார்த்து ஓடினாலே பாதி வழியில் தேத்தண்ணிக்கு நிற்கத் தோன்றுகிற தூரம் அது. அத்தனை தூரத்தையும், நாவலடிச் சந்தி, ஓட்டமாவடிக் கடைத்தெரு, பாலம் எல்லாவற்றையும் இவள் பின்பக்கமாகவே கடந்து வந்திருக்கிறாள்.

பின்னாசனத்தில் தையற்காரி ஹப்ஸா கதவுப் பிடியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கார் நின்ற பிறகும் அவள் பிடியை விடவில்லை.

யோகராசா ஒருவாறு கேற்றைத் திறந்தார். அவருடைய கராஜில் மண்ணை வெட்டிச் சீமெந்து பூசிய குழி ஒன்று உண்டு. அதன் இரண்டு கரையிலும் சக்கரம் ஏறும்படி வாகனத்தை விடவேண்டும். நல்ல நல்ல சாரதிகளையே "ஒடி, ஒடி, மற்றப் பக்கம் ஒடி" என்று கத்திக் கத்தித்தான் அவர் அதில் ஏற்றுவது வழக்கம். அன்று அவர் வாயைத் திறக்குமுன் கார் பின்னால் வந்து குழிக்கு மேலே கச்சிதமாக நின்றது. உம்மு குல்தூம் எஞ்சினை அணைத்தாள். பிறகுதான் கழுத்தை முன்பக்கம் திருப்பப் பார்த்தாள். அது திரும்பவில்லை. இரண்டு கையாலும் தலையைப் பிடித்து மெதுவாகத் திருப்பி வைத்தாள்.

உம்மு குல்தூம் என்று பெயரைச் சொன்னால் ஓட்டமாவடியில் கொஞ்சம் யோசிப்பார்கள். கார் ராத்தா, அதாவது கார் அக்கா, என்றால் சின்னப் பிள்ளையும் வீட்டைக் காட்டும். குவைத்தில் வீட்டு வேலைக்குப் போனவள். அங்கே வீட்டுக்காரரின் வயதான தாயை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக ஆளில்லாமல், வீட்டுக்காரி இவளுக்குக் கார் ஓட்டப் பழக்கினாள். அந்த வீடு இருந்தது ஒரு நீண்ட சந்தின் முடிவில். உள்ளே திருப்ப இடமில்லை. ஒவ்வொரு நாளும் சந்து முழுக்கப் பின்னுக்கு வந்துதான் வெளிவீதியைப் பிடிக்கவேண்டும், இரண்டு பக்கமும் பக்கத்து வீட்டாரின் விலையுயர்ந்த கார்கள். ஒன்றில் உரசினாலும் சம்பளம் போய்விடும் என்ற பயத்திலேயே அவள் பின்னுக்கு ஓட்டப் பழகினாள். நம்மில் பலருக்கு முன்னுக்கு ஓட்டும்போது இருக்கிற நிதானம் அவளுக்குப் பின்னுக்கு ஓட்டும்போது இருந்தது.

ஊருக்குத் திரும்பி வந்தவர்கள் வீடு கட்டுவார்கள், நகை செய்வார்கள், கடை போடுவார்கள். இவள் பழைய ஜப்பான் கார் ஒன்றை வாங்கி வந்து வாசலில் விட்டாள். தானே கியர் மாறுகிற ஓட்டோ கியர் கார். வாடகைக்கு ஓடப்போகிறேன் என்றாள். அவளுடைய புருஷன் கச்சி முகம்மது வெட்கத்தில் கொஞ்சக் காலம் சந்தைக்கே போகவில்லை. ஊர் சும்மா இருக்குமா? பொம்பிளை ஓட்டுகிற காரில் ஏற ஆர் போகிறார்கள் என்று சிரித்தது. ஏறினார்கள். கிளினிக்குப் போகிற கர்ப்பிணிகள் ஏறினார்கள். தனியே ஆட்டோவில் போகத் தயங்கிய பெண்பிள்ளைகள் ஏறினார்கள். பாசிக்குடா ஹோட்டல்களில் வேலைக்குப் போகிறவர்கள், மட்டக்களப்பு ஆஸ்பத்திரிக்கு மாதாமாதம் போகிற கிழவிகள், எல்லாரும் ஏறினார்கள். இப்போது கச்சி முகம்மது விடிய எழும்பிக் காரைக் கழுவித் துடைத்துவிட்டுத்தான் தேத்தண்ணி குடிக்கிறார். அந்தக் கார் நின்றுபோனால் அவர்கள் வீட்டு அடுப்பும் நின்றுபோகும். வேறொரு கார் வாங்குகிற நிலையில் அவள் இல்லை. இது யோகராசாவுக்கு நன்றாகத் தெரியும்.

யோகராசாவைப் பற்றியும் சொல்லவேண்டும். கைராசிக்காரர் என்று பெயரெடுத்தவர். நாவலடியில் அஸ்கர் லிப்ட் எல்லாம் போட்டுப் பெரிதாகக் கராஜ் திறந்த பிறகும், இவரிடம் வந்தவர்கள் இவரிடமேதான் வந்தார்கள். அந்தப் பெயரில் அவருக்குக் கொஞ்சம் மிதப்பும் உண்டு. அஸ்கரின் கராஜில் யாருக்கோ சக்கர நட்டை இறுக்க மறந்து, அந்தச் சக்கரம் காரை விட்டு முந்திப்போய் வயலுக்குள் விழுந்த கதையை அவர் சொல்லாத ஆள் கிடையாது. சொல்லும்போதெல்லாம் சக்கரம் இன்னும் கொஞ்சத் தூரம் உருளும்.

உம்மு குல்தூமுக்கும் அவருக்கும் ஒரே ஒரு விஷயத்தில்தான் இழுபறி. கியர் ஒயிலை மாற்றித் தாங்க என்று அவள் கேட்டுக்கொண்டே இருந்தாள். அவர் மாட்டேன் என்றார். ஜப்பானிலிருந்து வந்த நாளிலிருந்து மாற்றாத ஒயில் அது, கரிபோலக் கறுத்துவிட்டது. இத்தனை காலம் கழித்து அதைக் கழற்றிப் புது ஒயில் விட்டால் கியர் வழுக்கும், ஓடுகிறதும் ஓடாமல் போய்விடும் என்பது அவர் கட்சி. பல மெக்கானிக்குகள் அப்படித்தான் சொல்வார்கள். "ஓடுறத நோண்டாத தங்கச்சி. குறைஞ்சா ஊத்த ஒரு போத்தல் வாங்கி டிக்கியில வச்சுக்கொள், அது போதும்" என்று அனுப்பிவிடுவார். எஞ்சின் ஒயிலை மட்டும் தவணை தவறாமல் மாற்றிக் கொடுப்பார். முந்தின நாள் பின்னேரமும் அதைத்தான் மாற்றி அனுப்பியிருந்தார்.

இப்போது அதே கார் முன்னுக்குப் போகமாட்டேன் என்று நிற்கிறது.

ஹப்ஸா இறங்கி ஒரு பீப்பாவின் மேல் உட்கார்ந்து, யாரும் கேட்காமலே சொல்லத் தொடங்கினாள். பனிச்சங்கேணியில் இருக்கிற தமக்கையைப் பார்க்கப் புறப்பட்ட பயணம். மாங்கேணியில் பஸ் நிற்கிற இடத்தைத் தாண்டியதும் எஞ்சின் உறுமியதாம், கார் நகரவில்லையாம்.

"ராத்தா இறங்கிப் பொனட்டத் திறந்து என்னமோ பாத்தா, டிக்கியடிக்கும் போய் வந்தா. மறுகா மூடிட்டா. கடைக்காரப் பொடியன் வந்து திறங்க பாப்பம் எண்டான். ராத்தா பொனட்டுல சாஞ்சு நிண்டுக்கிட்டு, வேணாம் தம்பி எண்டா. லேண்ட்மாஸ்டர் உழவு மெசின்ல ஒருத்தர் கயிறோட வந்தாரு, கட்டி இழுப்பம் எண்டாரு. ஓட்டோ கியரக் கட்டி இழுக்கப்படா எண்டு அதையும் வேணாமெண்டா. எனக்கெண்டா அழுகை வந்திட்டு. மறுகா என்னைப் பாத்துக் கேக்கா, ஹப்ஸா, நீ பஸ்ஸில போறியா, என்னோட பின்னுக்கு வாறியா எண்டு."

"நீ பஸ்ஸில போயிருக்கலாமே" என்றார் யோகராசா.

"ராத்தா முழுக்கப் பின்னால பாத்துக்கிட்டு வந்தா, முன்னால வாற பஸ்ஸ ஆர் பாக்கிற?" என்றாள் ஹப்ஸா. சொல்லும்போது அவளுக்குக் கொஞ்சம் பெருமைகூட வந்தது. "இடைக்கிடை நிப்பாட்டி கியர ஆறவிட்டா. மரநிழலாப் பாத்து நிண்டம். நாவலடிச் சந்தியில ரெண்டு பஸ்ஸு நிண்டிச்சி, இடையால எடுத்தா. அல்லாவே, நான் கண்ண மூடிட்டன். ஓட்டமாவடிப் பாலத்தடியில பொலிஸ்காரர் விசில வாயில வச்சாரு. வச்சதுதான், ஊத மறந்து பாத்துக்கிட்டே நிண்டாரு. மறுகா மத்த வாகனத்த எல்லாம் மறிச்சு எங்களப் போகவிட்டாரு."

கேட்கக் கேட்க யோகராசாவுக்கு உடம்பு புல்லரித்தது. வாகனங்களோடு பிறந்த ஆள்போல இருப்பவர் அவர். ஆனாலும் அந்தப் பாலத்தைப் பின்பக்கமாகக் கடக்க அவரிடம் யாராவது சொல்லியிருந்தால் சாவியைத் திருப்பிக் கொடுத்திருப்பார். இதை அவர் தன் மனதுக்குள் ஒத்துக்கொண்டார். வெளியே, "ம்" என்று மட்டும் சொன்னார்.

பொனட்டைத் திறந்து எஞ்சின் ஒயில் பார்க்கிற கம்பியை இழுத்தார். ஒயில் குறிக்கு மேலே, மேலே, கம்பியில் பாதிவரை ஏறியிருந்தது. துடைத்துவிட்டு மறுபடி விட்டு இழுத்தார். அதேதான். பிறகு கியர் ஒயில் கம்பியை இழுத்தார். நுனியில்கூட ஒட்டவில்லை.

அந்த இடத்திலேயே அவருக்கு விளங்கிவிட்டது.

அந்தக் காரின் அடியில் கழற்றுகிற நட்டுகள் இரண்டு. ஒன்று எஞ்சின் ஒயிலுக்கு, அதற்குக் கொஞ்சம் தள்ளி இன்னொன்று கியர் ஒயிலுக்கு. தவறுதலாக மற்றதைத் திறந்தாலும் வருகிற நிறத்தைப் பார்த்தே பிடித்துவிடலாம், கியர் ஒயில் சிவப்பாக இருக்கும். இந்தக் காரில்தான் அதுவும் கறுத்துப்போய்க் கிடந்ததே. கறுப்பாக வந்தது, எஞ்சின் ஒயில்தான் என்று விட்டுவிட்டார். பிறகு வழக்கமான அளவு புது ஒயிலை எஞ்சினுக்குள் ஊற்றினார், உள்ளே பழையது அப்படியே இருக்க. கம்பியை இழுத்துப் பார்த்திருந்தாலும் தப்பியிருக்கும். அந்த நேரம் என்ன செய்துகொண்டிருந்தார்? குழிக்கு மேலே நின்ற ஒருவரிடம் அஸ்கரின் சக்கரம் வயலுக்குள் உருண்ட கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார்.

எதைத் தொட்டால் கார் ஓடாது என்று அவளைத் தடுத்து வந்தாரோ, அதைத் தன் கையாலேயே ஊற்றி வெளியே விட்டிருக்கிறார்.

குழிக்குள் இறங்கினார். வெயிலில் நின்று பார்த்த கூட்டத்தின் கால்கள்தான் அங்கிருந்து தெரிந்தன. கியர் நட்டைத் திறந்து தட்டைப் பிடித்தார். கொஞ்சம்தான் வந்தது. அந்தக் கொஞ்சத்திலும் கறுப்புக்குள்ளே புத்தம் புதுச் சிவப்பு கலந்திருந்தது. அதைக் கண்டு யோகராசா தட்டைப் பிடித்தபடியே நின்றார். முந்தின நாள் அவர் விட்டது எஞ்சின் ஒயில், அதுவும் எஞ்சினுக்குள். அதில் சிவப்புக் கிடையாது. அப்படியென்றால் டிக்கியில் இருந்த போத்தலை அவள் மாங்கேணியில் வைத்து இதற்குள் ஊற்றியிருக்கிறாள். அந்த ஒரு போத்தல்தான் பின்னுக்காவது ஓடவைத்திருக்கிறது. ஊற்றவேண்டும் என்று தெரிந்திருக்கிறதென்றால், இரண்டு கம்பியையும் அவள் இழுத்துப் பார்த்திருக்கிறாள். எல்லாம் தெரிந்துகொண்டுதான் வந்திருக்கிறாள்.

நிமிர்ந்து பார்த்தார். உம்மு குல்தூம் குழியின் கரையில் குந்தியிருந்தாள். கூட்டத்துக்கு முதுகைக் காட்டி, அபாயாவை விரித்துக்கொண்டு, தட்டில் விழுகிறது ஒருவருக்கும் தெரியாதபடி மறைத்துக்கொண்டு இருந்தாள்.

"தங்கச்சி" என்றார்.

"மெதுவாக் கதைங்க. ஆக்கள் நிக்காங்க."

"நான் நட்ட மாறிக் கழட்டிட்டன்."

"தெரியும். மாங்கேணியிலேயே தெரியும்."

"தெரிஞ்சா எனக்கொரு கோல் எடுத்திருக்கலாமே. ஒயிலோட பறந்து வந்திருப்பனே!"

"வந்திரிப்பீங்க. வந்து அத்தனை பேருக்கு முன்னால பொனட்டத் திறந்து ஊத்தியிரிப்பீங்க. பாக்கிறவனுக்குக் கண் இல்லையா? பின்னேரத்துக்குள்ள ஊரெல்லாம் போயிரிக்கும், யோகராசா ஒயில மாத்திக் கழட்டினாராம் எண்டு."

"போகட்டுமே. அதுக்காக இந்தப் பாடா?"

"போகட்டுமாம். அஸ்கர்ட நட்டுக் கதைய நீங்க எத்தினை தரம் எனக்குச் சொல்லியிரிக்கீங்க?" என்றாள் அவள்.

யோகராசாவுக்கு முகத்தை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. நல்ல காலம், குழிக்குள் நின்றார்.

"நாவலடியில அஸ்கர்ட கராஜ் வாசலாலதான் வந்தன்" என்று அவள் தொடர்ந்தாள். "அவரு ஓடி வந்து, உள்ளுக்கு விடுங்க ராத்தா, லிப்ட்டுல தூக்கிப் பாப்பம் எண்டு சொன்னாரு. நல்ல மனசோடதான் சொன்னாரு. தூக்கியிரிந்தா கண்டிரிப்பாரு. நான் நிக்கல்ல."

"கியர் எரிஞ்சு போயிருந்தா? உன்ட சீவியமே போயிருக்குமே!"

அவள் கழுத்தைப் பிடித்துவிட்டுக்கொண்டாள். "பயமாத்தான் இரிந்திச்சி" என்றாள் பிறகு. "வழி முழுக்க ஓதிக்கிட்டுத்தான் வந்தன். ஆனா யோகண்ணன், நான் ஸ்டேரிங்கப் புடிச்ச நாள்ல இரிந்து இந்த ஊரு நான் எங்க இடிக்கன் எண்டுதான் பாத்துக்கிட்டு இரிக்கி. ஒரு பிழைக்குக் காத்துக்கிட்டு நிக்கிற கண்ணுகள். அது எப்பிடி இரிக்கும் எண்டு எனக்குத் தெரியும். ஒங்களுக்குத் தெரியாது. தெரியவும் வேணாம்."

யோகராசா தட்டைக் கீழே வைத்தார். இந்தப் பெண் தன் காரை, தன் வீட்டு அடுப்பை, எல்லாவற்றையும் அந்த வீதியில் பணயம் வைத்திருக்கிறாள். அதுவும் அவருடைய பெயருக்காக. அவருக்குச் சொந்தக்காரியா, அயல்காரியா, ஒன்றும் இல்லை. இப்படியும் ஒரு மனம் இருக்குமா என்று அவருக்கு வியப்பாக இருந்தது. கோயிலில் திரை விலகும்போது நிற்கிற மாதிரி நின்றார்.

"நிண்டு யோசிக்காம வேலையப் பாருங்க" என்றாள் உம்மு குல்தூம்.

வேலையைப் பார்த்தார். மிச்சம் மீதியை வடியவிட்டார். கியரின் அடித்தட்டைக் கழற்றினார். அதிலிருந்த காந்தத்தில் இரும்புத்தூள் சேறுபோல அப்பியிருந்தது. துடைத்துக் கழுவினார். சல்லடையை மண்ணெண்ணெயில் அலசி வெயிலில் காயவைத்தார். எஞ்சினில் நிறைந்து கிடந்ததை முழுதாக இறக்கிவிட்டு அளவாக ஊற்றினார். கியருக்குரிய ஒயில் அவரிடமே இருந்தது. புனலை வைத்து அதை ஊற்றியபோது அவர் கதை ஒன்றும் சொல்லவில்லை, யாரோடும் பேசவுமில்லை. சிவப்பாக, தெளிவாக இறங்கியது. எத்தனையோ வாகனங்களுக்கு ஊற்றியிருக்கிறார். அன்றைக்குத்தான் அது இறங்குவதையே கண்வெட்டாமல் பார்த்தார்.

ஊற்றி முடிந்தது. இனி அவர் கையில் ஒன்றுமில்லை. அவரே சொல்லி வந்த பேச்சு அவருக்கு இப்போது காதில் கேட்டது. பழைய கியருக்குப் புது ஒயில் விட்டால் வழுக்கும், ஓடாது.

"எடு தங்கச்சி. பிறேக்கில கால வச்சுக்கொண்டு ஒவ்வொண்டாப் போட்டுப் பார்."

எஞ்சின் உயிர்த்தது. அவள் ஒவ்வொன்றாகப் போட்டாள். ரிவர்ஸில் கார் சின்னதாக அசைந்தது. நியூட்ரலில் அசையாமல் நின்றது. கடைசியில் முன் கியர். ஒன்றும் இல்லை. உம்மு குல்தூமின் உதடு அசைந்துகொண்டிருந்தது. ஹப்ஸா பீப்பாவை விட்டு எழும்பிவிட்டாள். யோகராசா காரின் மூக்குக்கு நேரே, புத்தியுள்ள எந்த மெக்கானிக்கும் நிற்காத இடத்தில், நின்றுகொண்டிருந்தார்.

பிறகு கார் மெல்ல ஒரு குலுக்குக் குலுங்கியது. முன்பக்கம் கொஞ்சம் எழும்பியது. அவள் பிறேக்கை விட, அது ஒரு சத்தமும் இல்லாமல் யோகராசாவை நோக்கி வந்தது. அவர் பின்னால் தாவி விலகினார். ஹப்ஸா கை தட்டினாள். கூட்டமும் தட்டியது. யோகராசாவுக்குக் கண் நிறைந்துவிட்டது. ஒயில் பட்ட கையால் துடைத்து முகமெல்லாம் கறுப்பாக்கிக்கொண்டார்.

"என்னவாம் அண்ணன் பிழை?" என்று கேற்றடியில் நின்ற ஒரு ஆட்டோக்காரன் கேட்டான். அஸ்கரும் தன் மோட்டார்சைக்கிளில் வந்து அங்கே நின்றுகொண்டிருந்தான். தன் வாசலால் பின்னுக்குப் போன காரை எப்படி அவன் வந்து பார்க்காமல் இருப்பான்?

யோகராசா வாயைத் திறந்தார். உம்மு குல்தூம் முந்திக்கொண்டாள். "பழைய கியர்தானே தம்பி. களைச்சுப் போச்சு."

"களைக்காம என்ன செய்யும்?" என்றான் ஆட்டோக்காரன். "பொம்பிளையள்ட கையில குடுத்தா கியர் மட்டுமா, எஞ்சினே கழண்டு விழும். குவைத்து ரோட்டில ஓடினது இஞ்ச சரிவருமா?"

கூட்டம் சிரித்தது. இப்போதுதான் கை தட்டிய அதே கூட்டம்.

யோகராசா அவளைப் பார்த்தார். இதைவிடச் சின்னப் பேச்சுக்கெல்லாம் அவள் திருப்பிக் கொடுத்ததை அவர் கேட்டிருக்கிறார். இப்போது கொடுப்பாள் என்று காத்திருந்தார். அவள் கண்ணாடியைச் சரிசெய்தாள், பெல்ட்டை இழுத்து மாட்டினாள். அவர் பெயர் நிற்கவேண்டும் என்பதற்காக, இத்தனை வருடம் அவள் தன்மேல் விழவிடாமல் காத்து வந்த பழியை, இப்போது வாய்மூடி வாங்கிக்கொண்டிருந்தாள்.

அதை அவரால் பார்த்துக்கொண்டு நிற்க முடியவில்லை.

"பொத்துடா வாய!" என்று கத்தினார். அவருடைய குரல் வீதிக்கு அப்பால் கடைகள்வரை கேட்டது. "பிழை அவவில இல்ல. என்னில. எஞ்சின் ஒயில மாத்துறன் எண்டு கியர் ஒயிலக் கழட்டி ஊத்தினவன் நான். வெறுங் கியரோட நடுரோட்டில நிண்டவ அவ. அங்க இருந்து பின்னுக்கு ஓட்டி வந்து சேந்தவ அவ. உங்களில ஒரு ஆம்பிளை இந்தக் கேற்றில இருந்து அந்தா தெரியிற கோயில் வரைக்கும் பின்னுக்கு ஓட்டிக் காட்டுங்கடா பாப்பம்!"

யோகராசா அஸ்கரின் பக்கம் திரும்பினார். "நல்லாக் கேட்டுக்கொள் அஸ்கர். உனக்கும் சொல்ல ஒரு கதை வேணுமே."

அஸ்கர் சிரிக்கவில்லை. மோட்டார்சைக்கிளை நிறுத்திவிட்டு உள்ளே வந்தான். யோகராசாவைத் தாண்டிப் போய், கார்க் கண்ணாடிக்குப் பக்கத்தில் குனிந்தான். "ராத்தா, ரெண்டு பஸ்ஸுக்கும் இடையில ஒரு முழம்கூட மிச்சமில்லையே, எப்பிடி எடுத்தீங்க?" என்று கேட்டான். ஆட்டோக்காரன் உட்பட எல்லாரும் அந்தப் பதிலுக்காகக் கிட்ட வந்தார்கள். யோகராசாவின் பிழையைப் பற்றி ஒருவரும் ஒரு கேள்வி கேட்கவில்லை.

உம்மு குல்தூம் யோகராசாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு உண்மையிலேயே கோபம்.

"அப்ப நான் எதுக்கு இவ்வளவு தூரம் பின்னுக்கு வந்தன்?" என்று கேட்டாள். "சொல்லுங்க. எதுக்கு வந்தன்?"

யோகராசா முகமெல்லாம் ஒயிலோடு போய்க் கேற்றின் இரண்டு பக்கத்தையும் திறந்து பிடித்தார். பிறகு வீதிக்கு இறங்கி, கையை விரித்து நின்று, வந்த வாகனங்களை எல்லாம் மறித்தார். ஹப்ஸா ஏறிக்கொள்ள, வெள்ளைக் கார் முகத்தைக் காட்டிக்கொண்டு வெளியே வந்து, அவர் மறித்த இடத்தால் கிறுகி, ஓட்டமாவடிப் பக்கம் போனது. உம்மு குல்தூம் ஒருமுறைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. கோபமும் இருக்கலாம். ஆனால் அன்றைக்கு இனித் திரும்பிப் பார்க்க அவளுடைய கழுத்தால் முடியாது.